பால் வற்றாமல் இருக்க

கணவனைப் புதைத்த மறுநாள் காலையில் அனாஜான் முட்டை உடைத்தாள். ஊர் அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பேசட்டும். பேசுகிறவர்களில் ஒருத்தியாவது அன்றைக்கு அவள் வயிற்றில் எரிந்ததைப் பார்த்தவள் இல்லை.

தன் வீட்டில் அவள் உடைக்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தருவதைத்தான் தின்ன வேண்டும். அந்த மட்டுக்கும் அவள் ஊரோடு ஒத்துத்தான் போனாள். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த பெண்கள் கண் விழிப்பதற்குள் துக்கத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூப்போட்ட முக்காடு ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு, கூடை நிறைய முட்டையோடு பின்பக்கமாகப் போய்ப் பக்கத்து வீட்டு யாகுத்தின் அடுப்படியில் நின்றாள்.

யாகுத் அவளைப் பார்த்ததும் கையிலிருந்த விறகைக் கீழே போட்டாள்.

"அக்கா, உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? நேத்துதான் மண்ணு போட்டுட்டு வந்தாங்க."

"தண்ணி கொதிக்க வை."

"நீங்க போய் உக்காருங்கக்கா. நான் செஞ்சு கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்."

"உன் கையில மாவு தடிப்பா வரும். ஒரு வாயிலயே கண்டுபிடிச்சிருவா. கொதிக்க வைன்னா வையேண்டி."

கண்டுபிடித்துவிடுவாள் என்று அவள் பயந்தது மகள் இந்திசோரை. வாய்க்காலுக்கு அக்கரையில் புகுந்த வீட்டில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள் இந்திசோர். புருஷன்காரன் பருத்தி லாரி ஓட்டுகிறவன், பருத்திப் பருவத்தில் எப்போதாவதுதான் வீட்டில் தலையைக் காட்டுவான். பிள்ளை பிறந்து நாற்பது இன்னும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த நாற்பது நாளும் தாயும் பிள்ளையும் பாதிக் கதவு திறந்த உயிர்கள். வெளியாள் நுழையக் கூடாது. கெட்ட சேதி உள்ளே போகக் கூடாது. சாவு வீட்டு வாசலை மிதித்தவர்கள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது. மிதித்தால் பால் வற்றிப்போகும்.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். அனாஜானால் முடியாது. இந்திசோருக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையின் நாற்பதுக்குள் எவளோ ஒருத்தி வந்து, இந்திசோரின் கூட்டாளிப் பெண் வாய்க்காலில் விழுந்து செத்ததைப் போட்டு உடைத்தாள். அன்றைக்கே மார்பு காய்ந்துவிட்டது. ஆட்டுப்பால், அரிசிக் கஞ்சித் தண்ணீர் என்று என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை தங்கவில்லை. சேதியால்தான் வற்றியதா, அந்தப் பஞ்சக் குளிர்காலத்தில் அவள் சரியாகச் சாப்பிடாததால் வற்றியதா, பிள்ளைக்கே உள்ளுக்குள் வேறு ஏதாவது இருந்ததா, யார் கண்டார்கள்? ஊர் சேதி என்றது. அனாஜான் சேதியும் சோறும் இரண்டும்தான் என்று முடிவு கட்டினாள். இந்தத் தடவை இரண்டிலும் ஒரு குறை வைக்க மாட்டேன் என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள். புதுப் பிள்ளைக்குத் தோக்தா என்று பெயர் வைத்தார்கள். நின்றுவிடு என்று அர்த்தம். பிள்ளைகள் போய்ப்போய்விடுகிற வீடுகளில் வைக்கிற பெயர்.

அப்படியாகச் சோறு அவள் பொறுப்பாயிற்று. வெண்ணெய் விட்ட மாவுக் கஞ்சி, பாசிப்பயறும் அரிசியும் குழைய வெந்தது, பாலில் வேகவைத்த பூசணி, உடைத்த சோளத்தில் தயிர். எல்லாவற்றுக்கும் மேலே, விடிந்தால் முட்டை பராக்.

முட்டை பராக் ஒற்றை ஆள் வேலை இல்லை. மாவை மெல்லிசாக இட்டு, நீளநீளமாக அறுத்து, மடித்து, இரண்டு ஓரத்தையும் கிள்ளிப் பையாக்குகிற வரைக்கும் ஒருத்தி போதும். அடுத்த வேலைதான் வேலை. அடித்த முட்டையில் பாலும் எள்ளெண்ணெயும் பொடிப்பொடியாக அரிந்த வெங்காயமும் கலந்து, தண்ணீராக ஓடுகிற அதை அந்தப் பைக்குள் ஊற்ற வேண்டும். ஒருவர் பையின் வாயை விரித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கரண்டியால் ஊற்ற வேண்டும், ஊற்றின கையோடு வாயைக் கிள்ளி மூடிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் மாவு ஊறிப் பொத்தலாகும். அப்புறம் உலை முழுக்க முட்டை நூல்நூலாகத் திரிந்து நிற்கும்.

அவர்கள் வீட்டில் பிடிக்கிற ஆள் அவள் கணவர் மத்யாகுப். கூட்டுப்பண்ணைப் பருத்திக் களத்தில் காவல்காரர், மலை மாதிரி ஆள், கோழிப் பைத்தியம். ஆம்பளை அடுப்படியில் நிற்பதைப் பார்த்துக் களத்து ஆட்கள் கேலி பேசுவார்கள். "முட்டை என் கோழியோடது. அதை வழியனுப்ப நான்தானே நிக்கணும்" என்று அவர் தடித்த கட்டைவிரலால் பையின் வாயை ஒரே அழுத்தாக அழுத்தி மூடுவார். அந்த மனுஷர் களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பருத்தி வண்டியில் போட்டுக் கொண்டுவந்தபோது தாடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

இப்போது யாகுத் பிடித்தாள். முதலில் போட்டவை எல்லாம் வெடித்தன.

"கெட்டியாப் பிடி."

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்? நீங்க மெதுவா ஊத்துங்க. உங்க கரண்டிதான் ஆடுது."

ஆடத்தான் செய்தது. அனாஜான் ஒரு நிமிஷம் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாகுத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "மூக்கை உறிஞ்சாத, மாவுல விழும்" என்று அனாஜான் சொல்லிவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தாள். கடைசியில் ஒரு கிண்ணத்துக்குத் தேறியது. மேலே எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத கரைவழியாக நடந்தாள். கணவன் செத்த பெண் நாற்பது நாள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. அதுவும் போயிற்று.

இதற்கு முன்பே அவள் அதைவிடப் பெரிய காரியங்கள் செய்திருந்தாள். மத்யாகுப்பை வண்டியிலிருந்து இறக்கிய அன்று சாயங்காலமே சம்பந்தியம்மா பீகாஜான் சேதி கேட்டு ஓடிவந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"சம்பந்தியம்மா, காலையில எடுக்கறதுக்குள்ள பொண்ணை வண்டியில வச்சுக் கூட்டிட்டு வந்துர்றேன். மெத்தை போட்டு, போத்தி, புள்ளைய எங்கிட்ட விட்டுட்டு. அப்பன் மொகத்தை ஒரு தடவ பாத்துக்கட்டும்."

"வேண்டாம்."

"பின்னாடி கேப்பா. என்ன பதில் சொல்வீங்க?"

"பின்னாடி எவ்வளவு வேணும்னாலும் கேக்கட்டும். பால் வத்திருச்சுன்னா?"

"வத்தினா எங்க வீட்ல மாடு இருக்கு."

"போன தடவ ஆடு இருந்துச்சு."

அனாஜான் பீகாஜானின் கையைப் பிடித்துக்கொண்டு, நாற்பது முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது என்று கெஞ்சினாள். "என் பேரன்தான் அவன், எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனா இது எனக்குச் சரியாப் படல" என்று சொல்லிக்கொண்டே போனாள் பீகாஜான்.

மறுநாள் பாடையைத் தூக்குகிற நேரம் வந்தது. பெண்கள் கூடி நின்று, மார்பில் அடித்துக்கொண்டு, இறந்தவரின் பெயரைச் சொல்லி ஓங்கி அழுது அனுப்புவதுதான் வழக்கம். அந்த அழுகை இல்லாமல் போன பிணம் அனாதைப் பிணம். முதல் குரல் எழுந்ததும் அனாஜான் எழுந்து நின்றாள். காற்று அக்கரைப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது.

"யாரும் அழாதீங்க" என்றாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சத்தம் அக்கரைக்குக் கேக்கும்."

ஒருத்திக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் ஆண்கள் பாடையைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். மத்யாகுப் செருப்புச் சத்தத்தோடு மட்டும் போனார். அனாஜான் முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

அக்கரையில், இந்திசோர் படுத்திருந்த அறைக்குக் கரையைப் பார்த்தாற்போல ஒரு ஜன்னல். சாவு வீட்டுக்காரி நாற்பது முடியாத வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பதை அனாஜான் மனதார நம்பினாள். முட்டை உடைத்த அன்று காலை, ஜன்னலுக்கு வெளியே நின்றே கிண்ணத்தை நீட்டினாள்.

"ஏன்மா வெளியவே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"சளி பிடிச்சிருக்குடி. பச்சப்புள்ளைக்கு ஒட்டிக்கும்."

"ஆமா, மூக்கெல்லாம் செவந்து கெடக்கு. தொண்டையும் கட்டியிருக்கு. ஏதாவது கஷாயம் வச்சுக் குடிச்சீங்களா?"

"குடிக்கிறேன். நீ சூட்டோட சாப்பிடு."

இந்திசோர் ஒரு பராக்கைக் கடித்தாள். மஞ்சளாக, இளசாக வெந்த முட்டை உள்ளே ததும்பியது. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, "அப்பா எங்க? மணிச் சத்தமே காணோம்" என்றாள்.

மத்யாகுப் தினமும் சாயங்காலம் களத்துக்குக் காவலுக்குப் போகிற வழியில் இந்த ஜன்னலுக்கு நேரே கரையில் சைக்கிளை மெதுவாக்கி, மணியை அடி அடியென்று அடித்துவிட்டுப் போவார். நாற்பது முடியும்வரை பேரனைப் பார்க்க முடியாதவர் செய்கிற சேட்டை அது. இந்திசோர் பிள்ளையின் காதருகே, "உன் தாத்தாவுக்குக் கிறுக்குடா" என்பாள்.

"நூக்குஸ் டவுனுக்குப் போயிருக்காரு" என்றாள் அனாஜான்.

"எதுக்கு?"

"கோழி வாங்க."

"ஐயோ! இருக்கிற கோழி போதாதா? வீட்டுல நீங்க இருக்கீங்களா, கோழி இருக்கான்னே தெரியல."

"உனக்கு முட்டை பத்தலையாம். நீ தின்னா அவருக்கு வயிறு நெறயும்."

இந்திசோர் சிரித்தாள். அனாஜானும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. வெற்றுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், நாணல் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து துக்கத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

இப்படியே நாட்கள் போயின. ஊரைக் கட்டிப்போடுவது அவள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. பருத்திப் பருவம், பெரியவர்கள் எல்லாரும் வயலில். அக்கரைக் குழந்தைகளின் வாயை வால்நட்டும் உலர்ந்த பாதாமிப் பழமும் கொடுத்து அடைத்தாள். மருமகன் வந்தபோது அவனைக் கரையிலேயே மறித்துப் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினாள். ஊரில் யார் செத்தாலும் பிணம் கழுவுகிற சபர்பாய் அதே அக்கரைத் தெருக்காரன். அவன் நெஞ்சில் கை வைத்து, "என் வாயிலேருந்து ஒரு சொல்லு வராதுக்கா" என்றான். வரவும் இல்லை. அதில் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

முட்டை பராக்கும் தவறவில்லை. மூன்று நாள் கழிந்து சொந்த அடுப்பை மூட்டியதும் யாகுத் இங்கே வந்து பிடித்தாள். கை பழகிவிட்டது, வெடிப்பது நின்றது. இந்திசோரின் கன்னத்தில் சதை வைத்தது. தோக்தாவுக்கு மணிக்கட்டில் மடிப்பு விழுந்தது. பால் மேலாடையை நனைத்துக்கொண்டு ஒழுகியது. ஜன்னலுக்கு வெளியே நின்று அந்த ஈரத்தைப் பார்க்கிறபோதெல்லாம், செய்தது சரிதான், செய்தது சரிதான் என்று அனாஜான் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் மகள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கேட்பதை நிறுத்தினாள். பிறகு ஒருநாள் மறுபடி ஆரம்பித்தாள்.

"நூக்குஸ்ல கோழி வாங்கறாரா, கோழி மடியில உக்காந்து முட்டையிட்டுக்கிட்டிருக்காரா?"

"உன் சித்தப்பா வீட்ல தங்கிட்டாரு. அங்க ஏதோ சுவர் எழுப்பறாங்களாம்."

"தம்பி வீட்டுச் சுவர் பெருசாப் போச்சு. போன புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு அவருக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் இவன் மூச்சு வருதான்னு மூக்குல விரல் வச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்மா நான். சாயங்காலம் அந்த மணி கேட்டா ஒரு தெம்பு. அதுகூட அந்த மனுசனுக்குத் தோணல." இந்திசோர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "போனவரு அங்கயே கெடக்கட்டும். வரவே வேண்டாம்னு சொல்லுங்க."

அனாஜான் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் அவள் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாதே என்றாவது சொல்லியிருக்கலாம். பயந்த மனசுக்கு ஒரே ஒரு தடம்தான் தெரியும்.

"சாப்பிடு, ஆறிப்போகுது" என்றாள்.

இந்திசோர் முறைத்துக்கொண்டே கிண்ணத்தை இழுத்துச் சாப்பிட்டாள்.

பிறகு குளிர் வந்தது. ஒருநாள் காலையில் வாய்க்கால் ஓரத்தில் மெல்லிசாக உறைபனி பூத்திருந்தது. அனாஜான் வழக்கம்போல ஜன்னலடியில் நின்றாள். இந்திசோருக்கு அன்று கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. தோக்தா தூக்கத்தில் சிரித்ததைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கரையில் சபர்பாய் தோளில் மண்வெட்டியோடு வந்தான். அனாஜானைப் பார்த்ததும் நின்றான். நெஞ்சில் கை வைத்துத் தலையைத் தாழ்த்தினான். வாக்குக் கொடுத்தபடி வாயைத் திறக்காமல் நடந்து போனான்.

போகிறவன் உடம்பில் மத்யாகுப்பின் பஞ்சு வைத்த கோட்டு.

பிணத்தைக் கழுவினவர்களுக்கு இறந்தவரின் துணிமணி சேர வேண்டும். கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை, யோசித்துக் கொடுக்கிற விஷயமும் இல்லை. கழுவிய அன்றே அனாஜான் கோட்டையும் சட்டைகளையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டாள். ஊரிலுள்ள அத்தனை வாயையும் தேடித்தேடிப் பூட்டினவளுக்கு, அந்த மூட்டையில் இருப்பது குளிர்காலம் வந்தால் தெருவில் நடந்து வரும் என்று தோன்றவே இல்லை. எங்கள் ஆட்களில் யாருக்குத் தோன்றியிருக்கும்? சபர்பாய்க்கும் தோன்றவில்லை. குளிரியது, போட்டுக்கொண்டான்.

இந்திசோர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"அம்மா, அது அப்பா கோட்டு."

"பழசாயிருச்சு. அவன் பாவம் ஏழை, குடுத்துட்டாரு..."

"முழங்கையில கிழிஞ்சதுக்கு என் கல்யாணப் பாவாடைத் துணியில ஒட்டுப் போட்டேன். ஒட்டு இருக்கு." அவள் குரல் ஏறவே இல்லை. "சபர்பாய்க்கு யாரும் சும்மா துணி குடுக்க மாட்டாங்கம்மா."

அனாஜான் வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை. அத்தனை நாள் கேட்காமலே வந்து விழுந்த பொய்.

இந்திசோர் வாயிலிருந்ததை உள்ளங்கையில் எடுத்து ஜன்னல் மேடைமேல் வைத்தாள். பாதி மென்ற மாவும் முட்டையும். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணி நின்ன அன்னிக்கா?"

அனாஜான் தலையாட்டினாள்.

"அப்ப நீங்க கோழின்னு சொன்னப்ப..."

"பால் வத்திருமோன்னுதான்டி. போன தடவ..."

"அங்கயே கெடக்கட்டும்னு சொன்னேனே. வரவே வேண்டாம்னு சொன்னேனே. நீங்க கேட்டுக்கிட்டு நின்னீங்க." இப்போது குரல் ஏறியது. "என்னைச் சொல்ல விட்டுட்டு, சாப்பிடுன்னீங்க. நானும் தின்னேன். தினம் தினம் சிரிச்சுக்கிட்டுத் தின்னேன்!"

அனாஜான் வாசல் பக்கமாக ஓடினாள். இனி எதற்கு வெளியே நிற்க வேண்டும்? பீகாஜான் கதவைத் திறந்து பிடித்தாள். நிலைப்படியில் காலை வைக்கும்போது உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

"உள்ள வராதீங்க. நீங்க சாவு வீட்டுக்காரங்க. எனக்கு நாப்பது முடியல."

வைத்த காலை அனாஜான் எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் அவள் காலையில் வந்துகொண்டுதான் இருந்தாள். கிண்ணத்தை வாசலில் வைப்பாள். ஜன்னல் சாத்தியிருக்கும். சற்று நேரம் கழித்து பீகாஜான் அதே கிண்ணத்தைத் திறக்காமல் கொண்டுவந்து கொடுப்பாள்.

"பட்டினி போடல, பயப்படாதீங்க. நான் ஆக்கறதத் திங்கிறா. பயறு, பூசணி, கஞ்சி எல்லாம் உள்ள போகுது. முட்டைன்னா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறா."

"பால்?"

"கொறையல. நேத்து ராத்திரி முழுக்க விசும்பிக்கிட்டே இருந்தா. இவன் அந்தப்பக்கம் கெடந்து குடிச்சுக்கிட்டே இருந்தான்."

"இன்னிக்கு?"

"அதான் சொன்னேனே சம்பந்தியம்மா, கொறையல. எல்லாம் மேல இருக்கிறவன் காப்பாத்தறான்."

இந்தச் சேதியைக் கேட்டால் ஒரு தாய் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அனாஜான் மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும் கேட்டாள். "சரியாப் பாத்தீங்களா? புள்ள சப்பிட்டு அழலையே?" என்று துருவினாள். பீகாஜான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில், நாணல் புதரருகே, அனாஜானுக்குச் சட்டென்று புரிந்தது. கொஞ்சம் குறைந்திருக்கலாமே என்று அவள் மனசு காத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நாள் குறைந்திருந்தால் போதும். பார், இதற்குத்தான் மறைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொந்தப் பேரனின் பாலில் அவள் தன் நியாயத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். கிண்ணத்திலிருந்ததை வாய்க்காலில் கொட்டிவிட்டு அங்கேயே குந்தியிருந்தாள். தன்னைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நாற்பது முடிந்த அன்று பிள்ளையை முதன்முதலாகத் தாய் வீட்டுக்குத்தான் எடுத்துப்போக வேண்டும். இந்திசோர் மாட்டேன் என்றாளாம். பீகாஜான், "அது உங்கம்மா வீடு மட்டுமா? உங்கப்பா வீடும்தான், கெளம்பு" என்று அதட்டியிருக்கிறாள். மத்தியானத்தில் இரண்டு பேரும் பாலம் ஏறி வந்தார்கள். அனாஜான் விடிகாலையிலேயே மாவை இட்டுப் பைகளைக் கிள்ளி வைத்து, முட்டையை அடித்து, உலையும் வைத்திருந்தாள். தின்பாளா மாட்டாளா என்று தெரியாது. வேறு என்ன செய்து வைப்பது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

இந்திசோர் பிள்ளையோடு உள்ளே வந்தாள். தாயைப் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று நான்கு சுவரையும் பார்த்தாள்.

"எங்க போட்டிருந்தீங்க?"

அனாஜான் கையைக் காட்டினாள். ஜன்னலை ஒட்டின இடம். இந்திசோர் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"மொகம் எப்படி இருந்துச்சு?"

"தூங்கற மாதிரி. தாடியில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

"யாரெல்லாம் அழுதாங்க?"

அனாஜான் சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். பதிலை ஏற்கெனவே யாரோ மகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இந்திசோர் தலை முக்காட்டை இழுத்துக் கீழே போட்டாள். அவள் வயிற்றிலிருந்து அந்தக் குரல் கிளம்பியது. "என்னைப் பெத்தவரே! என் வாசல்ல மணி அடிச்சவரே! அங்கயே கெடன்னு சொன்னேனே, கேட்டுக்கிட்டே போனீங்களா?" யாகுத் வேலி தாண்டி ஓடிவந்தாள். வயலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் வாசலில் கூடினார்கள். அன்றைக்கு வாயில் அடைத்துவைத்த அழுகையெல்லாம் இப்போது ஒவ்வொருத்தி தொண்டையிலிருந்தும் வந்தது. அக்கரைக்கு மட்டுமல்ல, அடுத்த ஊருக்கே கேட்டிருக்கும். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை.

அந்தச் சத்தத்தில் தோக்தா விழித்துக்கொண்டு வீறிட்டான். இந்திசோர் அழுகையை நிறுத்தவில்லை. அழுதுகொண்டே பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டு, அழுதுகொண்டே மேலாடையை விலக்கினாள். பிள்ளை கவ்விக்கொண்டான். விக்கினான். பால் அவன் கடைவாயில் வழிந்து கழுத்துவரை ஓடியது. இந்திசோரின் உடம்பு அழுகையில் குலுங்குகிறபோதெல்லாம் பிள்ளையும் குலுங்கினான், விடாமல் குடித்தான்.

அனாஜான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். இந்திசோர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம்கூட இல்லை.

"பாத்தீங்களாம்மா? வருது." பிள்ளையின் கழுத்தில் வழிந்ததைத் துடைத்தாள். "அன்னிக்கும் இப்படித்தான் வந்திருக்கும். நான் அழுதிருப்பேன். மொகத்தையும் பாத்திருப்பேன். இவனும் குடிச்சிருப்பான்."

பால் வற்றவில்லை என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். அனாஜானால் முடியவில்லை.